நெஞ்செரிச்சல் மாத்திரை கேட்கவில்லை. புதிய மருந்து ஆய்வில் சேரலாமா?

கேள்வி: வணக்கம் டாக்டர். வயது 43, தண்டையார்பேட்டை. கன்டெய்னர் யார்டில் வேலை, பெரும்பாலும் நைட் ஷிப்ட். ஐந்து மாதமாக நெஞ்செரிச்சல், புளித்த ஏப்பம், படுத்தால் தொண்டைவரை எதுக்களிப்பு. எண்டோஸ்கோபி ரிப்போர்ட்டில் ‘உணவுக்குழாய் அழற்சி, எல்.ஏ. கிரேடு பி’ என்று போட்டிருக்கிறது. பாண்டோபிரசோல் 40, டாம்பெரிடோன் 30 சேர்ந்த கேப்சூலை நாலு மாதமாகச் சாப்பிடுகிறேன். காலையில் வீட்டுக்கு வந்து சாப்பிட்டதும் அதைப் போட்டுக்கொண்டு படுத்துவிடுவேன். பாதிகூடக் குணமில்லை. இப்போது மருத்துவமனையில் ஒரு புதிய மருந்து ஆய்வில் சேருகிறீர்களா என்று கேட்டு 14 பக்கத் தாள் கொடுத்திருக்கிறார்கள். ‘உங்களை வச்சு சோதனை பண்ணப் போறாங்களா’ என்று மனைவி பயப்படுகிறார். சேரலாமா?

பதில்: கையெழுத்துப் போட அவசரம் ஒன்றுமில்லை. அதற்கு முன் உங்கள் கடிதத்தில் இருக்கும் ஒரு வரியைச் சரிசெய்ய வேண்டும். ‘சாப்பிட்டதும் போட்டுக்கொண்டு படுத்துவிடுவேன்’ என்கிறீர்கள். பாண்டோபிரசோல் உங்களுக்குக் கேட்கவில்லை என்று இன்னும் முடிவுகட்ட முடியாது. நாலு மாதமும் அது முழுதாக வேலை செய்ய முடியாத நேரத்தில்தான் உள்ளே போயிருக்கிறது.

இரைப்பையின் சுவரில் அமிலம் சுரக்கும் பம்புகள் உண்டு. வெறும் வயிற்றில் அவற்றில் பெரும்பாலானவை அடங்கிக் கிடக்கும். சாப்பாடு இறங்கியதும் விழித்துக்கொள்ளும். பாண்டோபிரசோல், ஒமிபிரசோல், ராபிபிரசோல் எல்லாம் ஒரே குடும்பம். இவை விழித்திருக்கும் பம்பை மட்டுமே பிடித்துப் பூட்டும். ரத்தத்தில் இந்த மருந்தின் ஆயுளும் குறைவு. ஒன்றிரண்டு மணி நேரத்திலேயே பாதியாகிவிடும். ஆகவே சாப்பிடுவதற்கு 30 முதல் 60 நிமிடத்துக்கு முன் மாத்திரை இறங்கியிருந்தால், பம்பு விழிக்கும் நேரமும் மருந்து ரத்தத்தில் உச்சத்தில் இருக்கும் நேரமும் பொருந்தும். சாப்பாட்டுக்குப் பின் போட்டால் அது உணவோடு இரைப்பையில் தங்கி, தாமதமாகக் குடலுக்குப் போய், ரத்தத்துக்கு வரும்போது பம்புகள் திரும்ப அடங்கத் தொடங்கியிருக்கும். ஒரு வேளையில் எல்லாப் பம்புகளும் பூட்டப்படுவதும் இல்லை. தினமும் போட்டால்தான் மூன்று, நான்கு நாளில் முழுப் பலன் தெரியும். எரிகிற அன்று மட்டும் போட்டால் புண் ஆறாது.

நைட் ஷிப்ட் ஆட்களுக்கு ‘காலையில் வெறும் வயிற்றில்’ என்று சீட்டில் எழுதிக்கொடுப்பதில் அர்த்தமில்லை. உங்களுக்குக் காலை என்பது தூங்கி எழும் நேரம். மதியம் 2.30-க்கு எழுந்தால் அப்போதே மாத்திரை, 3.15-க்கு அந்த நாளின் பெரிய சாப்பாடு. யார்டில் நள்ளிரவுச் சாப்பாட்டை அளவாக வைத்துக்கொள்ளுங்கள். வீட்டுக்கு வந்து சாப்பிடுவதை விட்டு, விடியற்காலை 4.30 வாக்கில் அங்கேயே இரண்டு இட்லியோ கஞ்சியோ முடித்துக்கொண்டால், 7.30-க்குப் படுக்கும்போது மூன்று மணி நேர இடைவெளி தானாகக் கிடைத்துவிடும். இந்த ஒரு மாற்றத்தை நான் மாத்திரைக்குச் சமமாக எண்ணுகிறேன். மாத்திரையை உடைக்கவோ மெல்லவோ வேண்டாம். அதன் மேல்பூச்சுதான் மருந்தை இரைப்பை அமிலத்திடமிருந்து காப்பாற்றுகிறது.

படுக்கையின் தலைப்பக்கம் 15 முதல் 20 செ.மீ. உயர வேண்டும். கட்டிலாக இருந்தால் தலைமாட்டுக் கால்களுக்கு அடியில் செங்கல் அல்லது மரக்கட்டை வையுங்கள். தலையணையை மேலே மேலே அடுக்கினால் இடுப்பு மடங்கி வயிற்றில் அழுத்தம் கூடும், எதுக்களிப்பு அதிகமாகும். பாயில் படுப்பவர்களுக்குச் சரிவான ஃபோம் திண்டு கிடைக்கிறது. இடது பக்கம் சாய்ந்து படுங்கள். அந்த நிலையில் உணவுக்குழாயின் வாய் இரைப்பையில் தேங்கிய அமிலத்துக்கு மேலே நிற்கும். வலது பக்கம் படுத்தால் அதற்குள் மூழ்கும். காசிமேட்டு மீனைக் குற்றம் சொல்ல வேண்டாம். எண்ணெயில் பொரித்ததும், ஒரேயடியாக வயிறு நிறையத் தின்பதும்தான் இரைப்பை காலியாவதைத் தாமதப்படுத்தும். புகையிலை எந்த வடிவிலும் வேண்டாம், மதுவும் அப்படித்தான். தொப்பை இருந்தால், எடையைக் குறைப்பது மருந்துக்குத் துணை நிற்கும்.

கேப்சூலில் கூடவே இருக்கும் டாம்பெரிடோன் பற்றி உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள். அது புண்ணை ஆற்றும் மருந்து இல்லை. இதயத் துடிப்பின் ஒழுங்கைப் பாதிக்கக்கூடியது என்பதால், 2014-ல் ஐரோப்பிய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அதைக் குமட்டல், வாந்திக்கு மட்டும், பொதுவாக ஒரு வாரத்துக்கு மேற்படாமல் கொடுக்கச் சொன்னது. நாலு மாதம் என்பது மிக நீளம். கிளாரித்ரோமைசின் போன்ற சில ஆன்டிபயாடிக்குகளோடு சேர்ந்தால் ஆபத்து கூடும். தனி பாண்டோபிரசோலாக மாற்றித்தரக் கேட்பதில் தவறில்லை.

உங்கள் ரிப்போர்ட் சொல்வது

எல்.ஏ. என்பது லாஸ் ஏஞ்சலிஸ் அளவுகோல். ‘ஏ’ என்றால் 5 மி.மீ.-க்கு மேற்படாத கீறல். ‘பி’ என்றால் 5 மி.மீ.-க்கு மேல், ஆனால் ஒரு மடிப்பின் உச்சியிலிருந்து அடுத்த மடிப்புக்குத் தாண்டவில்லை. ‘சி’ மடிப்புகளுக்கு இடையே பரவியது. ‘டி’ குழாயின் சுற்றளவில் 75 சதவீதமோ அதற்கு மேலோ. உங்களுடையது நடுத்தரம். ‘சி’, ‘டி’ ஆட்களுக்குச் சிகிச்சை முடிந்தபின் இன்னொரு எண்டோஸ்கோபி கட்டாயம் தேவைப்படும். ‘பி’-யில் அறிகுறிகள் அடங்கிவிட்டால் பெரும்பாலும் வேண்டியதில்லை.

அழற்சி எல்லாமே அமிலத்தால் வருவதும் இல்லை. ஷிப்ட் நடுவே உடம்பு வலிக்கு டைக்ளோஃபினாக், இபுபுரூஃபன் போன்ற மாத்திரையைத் தண்ணீர் இல்லாமல் விழுங்குவீர்களா? மழைக்காலத்தில் எலிக்காய்ச்சலுக்குக் கொடுக்கும் டாக்சிசைக்ளின் கேப்சூலைப் படுக்கும்போது போட்டீர்களா? அவை குழாயிலேயே ஒட்டிக்கொண்டு கரைந்து புண்ணாக்கும். எந்த மாத்திரைக்கும் ஒரு முழு டம்ளர், சுமார் 200 மி.லி. தண்ணீர், பிறகு அரை மணி நேரம் படுக்கக் கூடாது. ஆஸ்துமாவுக்கு ஸ்டீராய்டு இன்ஹேலர் இழுப்பவர்களுக்கும், சர்க்கரை கட்டுப்படாதவர்களுக்கும் குழாயில் பூஞ்சைத் தொற்று வரலாம்.

இன்னொன்று, ஈசினோஃபில் என்ற வெள்ளணுக்கள் குழாயின் சுவரில் குவிவதால் வரும் ஒவ்வாமை வகை. சோறோ கறியோ தொண்டைக்குக் கீழே சிக்கிக்கொள்வதுதான் இதன் முக்கிய அடையாளம். வெறும் கண்ணால் பார்த்து இதை ஒதுக்க முடியாது. குறைந்தது இரண்டு மட்டத்திலிருந்து ஆறு துண்டு சதை எடுத்து, நுண்ணோக்கியின் ஒரு புலத்தில் 15 ஈசினோஃபிலோ அதற்கு மேலோ இருக்கின்றனவா என்று எண்ண வேண்டும். உங்களுக்குச் சாப்பாடு சிக்கும் பழக்கம் இருந்து, பயாப்சி எடுக்கவில்லை என்றால், முதல் வேலை அதுதான்.

ஆய்வு எதைக் கேட்கிறது

இப்போது மிகுதியாக ஆராயப்படும் புதிய வகை ‘பி-கேப்’ மருந்துகள். அமில பம்புக்குப் பொட்டாசியம் தேவை; அது அமரும் இடத்தில் இவை போய் உட்கார்ந்துகொள்கின்றன. பம்பு விழித்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை இல்லை. அமிலத்தில் அழிவதும் இல்லை. அதனால் சாப்பாட்டு நேரம் பார்க்காமல் போடலாம். ஷிப்ட் ஆட்களுக்கு இது உண்மையான வசதி. இவற்றில் வோனோபிரசான் ஜப்பானில் 2014-ல் அனுமதி பெற்றது, அமெரிக்காவில் உணவுக்குழாய்ப் புண்ணுக்கு 2023 நவம்பரில். இந்தியாவிலும் மருத்துவர் சீட்டின் பேரில் கிடைக்கிறது.

அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் 1,024 பேரிடம் நடந்த ஆய்வில், வோனோபிரசான் 20 மி.கி. எடுத்தவர்களில் 92.9 சதவீதத்தினருக்கு 8 வாரத்தில் புண் ஆறியது. பாண்டோபிரசோலின் குடும்பத்தைச் சேர்ந்த லான்சோபிரசோல் 30 மி.கி. எடுத்தவர்களில் 84.6 சதவீதம். அதாவது 100 பேரில் எட்டுப் பேர் கூடுதல். ‘சி’, ‘டி’ ஆட்களைத் தனியாக எடுத்து இரண்டாவது வாரத்தில் பார்த்தபோது வோனோபிரசானில் 70.2 சதவீதம், லான்சோபிரசோலில் 52.6, அங்கேதான் வித்தியாசம் பெரிது. உங்களைப் போன்ற ‘பி’ ஆட்களுக்குப் பழைய மருந்தைச் சரியாக எடுத்தாலே நல்ல வாய்ப்பு இருக்கிறது என்பதும் இதே எண்களில் தெரிகிறது. அந்த 84.6 சதவீதம் பழைய மருந்தை நினைத்த நேரத்தில் போட்டவர்கள் இல்லை, சொன்னபடி எடுத்தவர்கள்.

ஆய்வுத் தாளில் நான் முதலில் தேடச் சொல்வது, அவர்கள் எதை வெற்றி என்று எண்ணுகிறார்கள் என்பதை. எண்டோஸ்கோபியில் புண் மூடுவதா, எரிச்சல் இல்லாத நாள்களின் கணக்கா? இது சின்ன விஷயம் இல்லை. ஒவ்வாமை வகை அழற்சியில் பென்ராலிசுமாப் என்ற ஊசி மருந்தை 211 பேரிடம் சோதித்து, 2024-ல் முடிவை வெளியிட்டார்கள். திசுவில் ஈசினோஃபில்கள் அடங்கியவர்கள் 87.4 சதவீதம்; போலி மருந்துக் குழுவில், அதாவது ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக மருந்தே இல்லாத ஊசி போட்டவர்களில், வெறும் 6.5. ஆனால் விழுங்கும் சிரமம் இரு குழுக்களிலும் ஏறத்தாழ ஒன்றே. ரிப்போர்ட் சுத்தமானது, நோயாளியின் தொல்லை அப்படியே நின்றது. அதே நோய்க்கு வாராவாரம் 300 மி.கி. போடும் டுபிலுமாப் ஊசி திசு, அறிகுறி இரண்டிலும் பலன் காட்டியதால்தான் 2022 மே மாதம் அமெரிக்க அனுமதி பெற்றது.

அடுத்து, எதோடு ஒப்பிடுகிறார்கள் என்று பாருங்கள். அமிலப் புண் ஆற்றும் ஆய்வுகளில் பெரும்பாலும் ஒரு குழுவுக்குப் புது மருந்து, மறு குழுவுக்கு வழக்கமான மருந்து. யாருக்கு எது என்பதைக் குலுக்கல் முறையில் கணினி முடிவு செய்யும், மருத்துவருக்கும் தெரியாது. போலி மருந்துக் குழு இருந்தால் தாளில் வெளிப்படையாக எழுதியிருக்க வேண்டும். அப்படி இருந்தால், ‘தொல்லை தாங்காவிட்டால் எந்த மருந்து எடுக்கலாம், எப்போது விலகலாம்’ என்று கேட்டு எழுத்தில் வாங்குங்கள். சேர்வதற்கு முன் பாண்டோபிரசோலைச் சில நாள் நிறுத்தச் சொல்லலாம், இன்னொரு எண்டோஸ்கோபியும் எடுக்கலாம். நாலு மாதம் எடுத்ததை நிறுத்தியதும் அமிலம் வழக்கத்தைவிட அதிகமாகச் சுரந்து, இரண்டு வாரம்வரை எரிச்சல் கூடலாம். அந்த நாள்களுக்கு ஆன்டாசிட் திரவம் அனுமதிக்கிறார்களா என்று தெரிந்துகொள்ளுங்கள். எத்தனை முறை வர வேண்டும், பகலிலா, உங்கள் ஷிப்டுக்கு ஒத்துவருமா என்பதையும் இப்போதே கணக்குப் போடுங்கள். பாதியில் விலகுபவர்களில் நிறையப் பேர் பயண நேரத்தால்தான் விலகுகிறார்கள் என்று தோன்றுகிறது.

உங்கள் மனைவியின் பயத்துக்குச் சட்டத்தில் பதில் இருக்கிறது. இந்தியாவில் நடக்கும் மருந்து ஆய்வுகள் 2019-ன் புதிய மருந்துகள், மருத்துவ ஆய்வுகள் விதிகளின் கீழ் வருகின்றன. முதல் நோயாளியைச் சேர்ப்பதற்கு முன்பே இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் ஆய்வு பதிவாகியிருக்க வேண்டும். ‘சி.டி.ஆர்.ஐ.’ என்று தொடங்கி ஆண்டு, மாதம், எண் வரும் பதிவெண்ணைக் கேட்டு வாங்கி, பதிவேட்டின் இணையதளத்தில் இலவசமாகத் தேடிப் பாருங்கள். எத்தனையாவது கட்டம், ஒப்பீட்டு மருந்து எது, யார் நடத்துகிறார்கள், ஆய்வில் சேருபவர்களின் நலனைக் காக்கும் குழுவான எத்திக்ஸ் கமிட்டியின் அனுமதி உண்டா என்பதெல்லாம் அங்கே இருக்கும். உங்கள் மருத்துவமனையின் பெயர் ஆய்வு மையங்களில் இல்லையென்றால் காரணம் கேளுங்கள். பதிவெண்ணே இல்லையென்றால் சேர வேண்டாம்.

தாள் தமிழில் இருக்க வேண்டும். வீட்டுக்கு எடுத்துப் போய், மனைவியோடு உட்கார்ந்து படிக்க அவகாசம் தர வேண்டும். கையெழுத்திட்ட பிரதி ஒன்று உங்களுக்கு. ஆய்வு மருந்துக்கும் ஆய்வுக்காக எடுக்கும் பரிசோதனைக்கும் உங்களிடம் காசு கேட்கக் கூடாது. ஆய்வினால் உடம்புக்குக் கேடு வந்தால் இலவசச் சிகிச்சை, இழப்பீடு இரண்டுக்கும் உரிமை உண்டு. கடுமையான பாதிப்பு ஏற்பட்டால் 24 மணி நேரத்துக்குள் அரசின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்புக்கும் எத்திக்ஸ் கமிட்டிக்கும் ஆய்வு மருத்துவர் தெரிவிக்க வேண்டும். எந்த நாளிலும் காரணம் சொல்லாமல் விலகலாம். அதனால் உங்கள் வழக்கமான சிகிச்சை நிற்கக் கூடாது. தாளில் எத்திக்ஸ் கமிட்டியின் தொலைபேசி எண் இருக்கும். அதைப் போனில் சேமித்துவையுங்கள்.

நான் சொல்லும் வரிசை இது. பாண்டோபிரசோலைச் சரியான நேரத்தில், சாப்பாட்டையும் படுக்கையையும் மாற்றி, 8 வாரம் எடுங்கள். அதை ஆய்வுக் குழுவிடம் மறைக்காமல் சொல்லுங்கள். புண் ஆறி, அதனால் ஆய்வில் சேரும் தகுதி போய்விட்டால், அதைவிட நல்ல செய்தி உங்களுக்கு இல்லை. எட்டு வாரம் கழித்தும் எரிச்சல் அப்படியே நின்றால், பயாப்சியும், குழாயில் அமிலம் எவ்வளவு நேரம் நிற்கிறது என்று அளக்கும் 24 மணி நேரப் பரிசோதனையும் தேவைப்படலாம். பழைய ஜெயில் சாலையில் உள்ள அரசு ஸ்டான்லி மருத்துவமனையில் இரைப்பை-குடல் நோய்ப் பிரிவு உண்டு. இரண்டாவது கருத்துக்கு அங்கே போகலாம். அந்தக் கட்டத்தில், மேலே சொன்னதெல்லாம் தாளில் சரியாக இருந்தால், ஆய்வில் தயங்காமல் சேரலாம். இப்போது நாம் நம்பிப் போடும் மாத்திரைகளும் யாரோ ஆயிரம் பேர் அப்படிச் சேர்ந்ததால் கிடைத்தவைதான்.

இதில் எதற்கும் காத்திருக்கக் கூடாத நிலைகள் சில உண்டு. சாப்பாடு சிக்குவது, விழுங்கும்போது வலி, காரணமில்லாமல் எடை குறைவது, ரத்த வாந்தி, தார் போல் கறுத்த மலம்: உடனே மருத்துவரைப் பாருங்கள். இரும்புச் சத்து மாத்திரையாலும் மலம் கறுக்கும், ஆனால் அதை நீங்களே முடிவுசெய்ய வேண்டாம். நெஞ்சு இறுக்கிப் பிடித்து, வியர்த்து, வலி தாடைக்கோ இடது கைக்கோ பரவினால், நடந்தாலோ பாரம் தூக்கினாலோ கூடினால், அதை ‘கேஸ்’ என்று எண்ணி ஆன்டாசிட் குடித்துக்கொண்டு ஷிப்டை முடிக்கக் காத்திருக்காதீர்கள். 108-ஐக் கூப்பிட்டு முதலில் இ.சி.ஜி. எடுங்கள்.