மிதிப்பவர் தலைவர் இல்லை: ‘ராம்’ சைக்கிள் பந்தயம் பற்றிக் கேள்வி பதில்

நெடுந்தூர சைக்கிள் பந்தயங்களில் நண்பர்களுக்குத் துணை வண்டி ஓட்டிப் பழகியவன் நான். அமெரிக்காவை மேற்கிலிருந்து கிழக்காகக் கடக்கும் ‘ரேஸ் அக்ராஸ் அமெரிக்கா’, சுருக்கமாக ‘ராம்’, பற்றி வந்த கேள்விகள் இவை.

மதுரையிலிருந்து: தனியாக ஓட்டும் பந்தயத்தில் குழுவுக்கு என்ன வேலை?

டூர் டி பிரான்ஸ் வீரர் ராத்திரி ஹோட்டலில் தூங்குவார். இங்கே கடிகாரம் நிற்பதே இல்லை. தூரம் சுமார் 4,800 கிலோமீட்டர். 2014இல் ஆஸ்திரியாவின் கிறிஸ்டோஃப் ஸ்ட்ராசர் அதை 7 நாள் 15 மணி 56 நிமிடத்தில் முடித்தார். இப்படி ஓட்டுபவர்களுக்கு ஒரு நாளில் ஒன்றிரண்டு மணி நேரம் தூக்கம் கிடைத்தால் பெரிசு. இரவில் துணை வண்டி விளக்கைப் போட்டுக்கொண்டு முதுகுக்குப் பின்னாலேயே வர வேண்டும் என்பது விதி. சாப்பாடு, வழி, பஞ்சர், மருந்து எல்லாம் க்ரூ, அதாவது துணைக் குழுவின் பொறுப்பு.

கோவையிலிருந்து: அப்படியானால் தலைவர் யார்?

க்ரூவை நடத்தும் க்ரூ சீஃப்தான். ஸ்லோவேனிய ராணுவ வீரர் யூரே ரோபிச் இதில் தனிநபர் பிரிவை ஐந்து முறை வென்றவர். தூக்கம் கெட்டுச் சில நாள் ஆனதும் இல்லாததெல்லாம் அவர் கண்ணுக்குத் தெரியும். குதிரையில் வந்து யாரோ தன்னைச் சுடுவதாக நினைத்து இன்னும் வேகமாக மிதிப்பார். சாலையோரத் தபால் பெட்டியோடு சண்டைக்கு இறங்குவார். அந்த நிலையில் எப்போது தூங்குவது, எப்போது கிளம்புவது என்று அவரையே கேட்டால் என்ன ஆகும்? முடிவெடுப்பதைக் க்ரூவிடம் விட்டிருந்தார். ஐந்து வெற்றிக்கு அவர் கால்கள் மட்டும் காரணம் இல்லை என்பது என் கணக்கு.

இதில் முக்கியம், முடிவெடுக்கும் அதிகாரத்தை ஓட்டுபவர் புத்தி தெளிவாக இருக்கும்போதே எழுதிக் கொடுத்துவிடுவது. நாலாவது நாள் கேட்டால் யாரும் கொடுக்க மாட்டார்கள்.

திருச்சியிலிருந்து: ஓட்டுபவரிடம் க்ரூ பொய் சொல்லலாமா?

மீதித் தூரத்தைச் சொல்லாமல் விடலாம். குறைத்துச் சொல்லக் கூடாது. ஒரு முறை மாட்டிக்கொண்டால், அப்புறம் “தண்ணி குடி” என்று சொன்னாலும் நம்ப மாட்டார்.

சேலத்திலிருந்து: க்ரூவும் தூங்காமல்தானே இருக்கிறது?

சரியான இடத்தில் தொட்டீர்கள். ஒரு பந்தயத்தில் நான்தான் க்ரூ சீஃப். முப்பது மணி நேரம் கண் மூடவில்லை, அதில் ஒரு பெருமை வேறு. விடியற்காலையில் தப்பான சாலையில் திருப்பிவிட்டேன். ஒன்பது கிலோமீட்டர் போன பிறகுதான் தெரிந்தது. வேன் ஓட்டிய பையனுக்கு முதலிலேயே சந்தேகமாம். “அண்ணன் கோபமா இருந்தீங்க, அதான் சொல்லல” என்றான். அன்றிலிருந்து க்ரூ சீஃப் தூங்கும் நேரத்தையும் அட்டவணையில் போடுகிறோம். வழி பார்க்கும் ஆள் சொன்னால் வண்டி நிற்கும், சீஃப் ஒப்புக்கொள்ள வேண்டியதில்லை.

நெல்லையிலிருந்து: கழுத்து தொங்கிவிடும் என்கிறார்களே?

உண்மைதான். கழுத்துத் தசை களைத்துத் தலை நிமிராது. 1983 ராமில் மைக்கேல் ஷெர்மர் என்ற வீரருக்கு வந்ததால் ‘ஷெர்மர் கழுத்து’ என்றே பெயர். கையில் கிடைத்ததை வைத்து முட்டுக் கொடுத்து ஓட்டியவர்கள் உண்டு. ஓட்டலாமா, நிறுத்தலாமா என்பதை அங்கேயும் ஓட்டுபவரிடம் கேட்கக் கூடாது. “ஓட்டுவேன்” என்றுதான் சொல்வார்.

ஈரோட்டிலிருந்து: இந்தியர்கள் முடித்திருக்கிறார்களா?

2015இல் நாசிக்கைச் சேர்ந்த மகாஜன் சகோதரர்கள், இரண்டு பேருமே டாக்டர்கள், இருவர் அணியாக முடித்தார்கள். தனியாக முடித்த முதல் இந்தியர் ஸ்ரீநிவாஸ் கோகுல்நாத், 2017இல். அவரும் டாக்டர்தான், ராணுவத்தில்!

சென்னையிலிருந்து: எங்கள் மேனேஜர் ராத்திரி ஒரு மணிக்கு மெயிலில் முடிவெடுக்கிறார். என்ன செய்வது?

காலை பத்து மணிக்கு, காபி குடித்த பிறகு, அதே மெயிலை அவரிடமே படித்துக் காட்டுங்கள்.