டெஸ்டிங் மட்டும்தான் பாக்கி!

மென்பொருள் குழுக்களோடு 26 ஆண்டுகள் மல்லுக்கட்டி ஓய்வு பெற்ற புராஜெக்ட் மேனேஜர், வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.

அம்மா, எங்கள் நிறுவனம் போன மாதம் அஜைல் முறைக்கு மாறிவிட்டது. ஸ்பிரின்ட், பேக்லாக் என்று ஒரே நாளில் பத்துப் புதுச் சொற்களைத் தலையில் கட்டினார்கள். உள்ளே விஷயம் இருக்கிறதா?
*வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதமான இளைஞன்*

இருக்கிறது தம்பி. சொற்களைக் கொஞ்சம் ஓரமாக வைத்துவிட்டு என் கதையைக் கேளுங்கள். நான் முதன்முதலில் பொறுப்பேற்ற வேலைக்கு 14 மாதம் கெடு. வாடிக்கையாளரின் தேவைகளை எழுதவே நான்கு மாதம் ஆயிற்று, 312 பக்கம். பிறகு வடிவமைப்பு, அதன் பிறகு நிரல், சோதனை கடைசியில். பதினோராம் மாதத்திலிருந்து வெள்ளிக்கிழமைதோறும் ‘90 சதவீதம் முடிந்தது’ என்று அறிக்கை அனுப்பினேன். பொய் சொல்லும் எண்ணம் இல்லை. உண்மை நிலவரம் எனக்கே தெரியாது. பதினாறாம் மாதத்தில்தான் வாடிக்கையாளர் அந்த மென்பொருளைக் கையால் தொட்டார். “எங்களிடம் இரண்டு பேர் ஒப்புதல் தந்தால்தான் பில் பாஸாகும். இதில் ஒருவர்தானே தர முடிகிறது?” என்றார். 312 பக்கங்களில் அந்த ஒரு வரி இல்லை. அதைச் சரிசெய்ய மேலும் மூன்று மாதம்.

அதே கேள்வியை அவர் மூன்றாம் வாரத்தில் கேட்டிருந்தால் இரண்டு நாள் வேலை. அதற்கு மூன்றாம் வாரத்தில் அவர் கையில் கொடுக்க, சின்னதாகவாவது ஓடுகிற ஒன்று எங்களிடம் இருந்திருக்க வேண்டும். பில் பதிவு செய்யும் ஒரே ஒரு திரை போதும். அப்படித் துண்டு துண்டாகச் செய்து கொடுத்து, அவர் முகம் சுளிக்கிறாரா என்று பார்த்து, அதற்கேற்ப அடுத்த துண்டைத் தீர்மானிப்பதுதான் அஜைல். 2001 பிப்ரவரியில் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில், ஸ்னோபேர்ட் என்ற பனிச்சறுக்கு விடுதியில் 17 பேர் கூடி எழுதிய அஜைல் பிரகடனத்தின் சாரம் நான்கே வரிகளில் அடங்கும். உடன் 12 கொள்கைகள். அதில் ‘ஸ்பிரின்ட்’ என்ற சொல்லே கிடையாது. அது, கென் ஸ்வேபரும் ஜெஃப் சதர்லேண்டும் 1995இல் ஒரு மாநாட்டில் முன்வைத்த, இன்று அஜைலின் ஒரு வகையாகக் கருதப்படும் ஸ்கிரம் முறையைச் சேர்ந்தது. ஒரு மாதமோ அதற்குக் குறைவாகவோ கால அளவு வைத்து, அதற்குள் ஓடுகிற ஒன்றை முடித்துக் காட்டுவது ஸ்பிரின்ட். அவ்வளவுதான், பயப்படாதீர்கள்.

நின்றபடியே நடத்தும் எங்கள் தினசரி ஸ்டாண்டப் கூட்டம் 50 நிமிடம் ஓடுகிறது. கால் வலி தாங்கவில்லை.
*ஒரு டெவலப்பர்*

ஸ்கிரம் முறையின் விதிகளைச் சொல்லும் ஸ்கிரம் வழிகாட்டி அனுமதிப்பது 15 நிமிடம். நாளைக்கு ஒன்றைக் கவனியுங்கள்: பேசுகிறவர் யார் முகத்தைப் பார்த்துப் பேசுகிறார்? மேனேஜர் முகத்தை என்றால், நடப்பது கூட்டம் அல்ல, ஆஜர் கொடுத்தல். தான் சும்மா இருக்கவில்லை என்று ஒவ்வொருவரும் நிரூபிக்க ஐந்து நிமிடம் வேண்டாமா?

இதற்கு என் குழுவில் காரணமே நான்தான். தெரிந்தபின் கூட்டத்துக்குப் போவதையே நிறுத்தினேன். முதல் வாரம் உள்ளே என்ன பேசுகிறார்களோ என்று எனக்கு இருப்புக்கொள்ளவில்லை; இரண்டாம் வாரம் கூட்டம் 12 நிமிடத்தில் முடிந்தது. பிறகு இன்னொன்றும் மாற்றினார்கள். ‘நேற்று என்ன செய்தேன், இன்று என்ன செய்வேன், தடை என்ன’ என்று ஆள் ஆளாகச் சொல்வதை விட்டுவிட்டு, வேலைகளை அட்டைகளில் எழுதி, தொடங்காதது முதல் முடிந்தது வரை கட்டம் கட்டமாக ஒட்டிய பலகையில் வலது ஓரத்திலிருந்து, அதாவது முடியும் தறுவாயில் இருக்கும் வேலையிலிருந்து, இடது பக்கமாகப் பேசினார்கள். இது முடிய யார் என்ன செய்ய வேண்டும் என்பது மட்டுமே பேச்சு. அந்த மூன்று கேள்விகளை 2020ஆம் ஆண்டுப் பதிப்பில் வழிகாட்டியே எடுத்துவிட்டது என்பதை உங்கள் மேனேஜர் காதில் போடுங்கள்.

அஜைலில் ஆவணங்களே எழுத வேண்டாமாமே?
*மகிழ்ச்சியில் இருக்கும் ஒருவர்*

மகிழ்ச்சியைக் கெடுக்கிறேன், மன்னிக்கவும். விரிவான ஆவணங்களைவிட ஓடுகிற மென்பொருளை அதிகம் மதிக்கிறோம் என்றுதான் பிரகடனம் சொல்கிறது. மற்றதற்கும் மதிப்பு உண்டு என்று அதன் கடைசி வரியில் இருக்கிறது. அந்த வரி வருவதற்குள் பலர் எழுந்து போய்விடுகிறார்கள்.

நாங்கள் ஒரு ஸ்பிரின்டில் 30 ஸ்டோரி பாயின்ட் முடிக்கிறோம். பக்கத்துக் குழு 55. எங்களைச் சோம்பேறிகள் என்கிறார் மேலதிகாரி.
*புண்பட்ட ஐவர்*

‘எறும்பும் தன் கையால் எண்சாண்’ என்பார்கள். பாயின்ட் என்பது உங்கள் குழுவின் சாண். இந்த வேலை அந்த வேலையைப் போல இரண்டு மடங்கு பெரிது என்று உங்களுக்குள் ஒப்பிட்டுக்கொள்ளும் அளவு அது. பக்கத்துக் குழுவின் சாணோடு அதற்கு உறவில்லை. கடந்த மூன்று நான்கு ஸ்பிரின்டுகளின் சராசரியைப் பார்த்து, அடுத்ததில் எவ்வளவு எடுக்கலாம் என்று மதிப்பிட மட்டும் அது உதவும். ஸ்கிரம் வழிகாட்டியில் ஸ்டோரி பாயின்டுக்கு இடமே இல்லை.

உங்கள் மேலதிகாரி செய்த தவறை நானும் செய்திருக்கிறேன். ‘எண்ணிக்கை உயர வேண்டும்’ என்று ஒரு திங்கட்கிழமை முழங்கினேன். அடுத்த ஸ்பிரின்டிலேயே உயர்ந்தது. கடவுச்சொல் மாற்றும் திரை போன்ற 3 பாயின்ட் வேலைகள் 5 ஆகியிருந்தன. வரைபடத்தைப் பார்த்து நான் இரண்டு நாள் பூரித்திருந்தேன் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

ஸ்பிரின்ட் நடுவில் வாடிக்கையாளர் ‘இதையும் சேர்த்துவிடுங்கள்’ என்கிறார். மறுக்கலாமா?
*ஒரு டீம் லீட்*

மறுக்க வேண்டாம். “இது உள்ளே வந்தால் எது வெளியே போகட்டும்?” என்று கேளுங்கள். முடிவைச் சொல்ல வேண்டியவர், எந்த வேலை முதலில் என்று தீர்மானிக்கும் புராடக்ட் ஓனர்; நீங்கள் அல்ல. பாதி கோரிக்கைகள் இந்தக் கேள்வியிலேயே அடுத்த ஸ்பிரின்டுக்குப் போய்விடும். உண்மையான அவசரமாக இருந்தால், அந்த ஓனரே எதையாவது எடுத்து வெளியே வைப்பார்.

இரண்டு வார ஸ்பிரின்டில் கடைசி இரண்டு நாளில்தான் எல்லா வேலையும் எங்கள் தலையில் விழுகிறது. ‘டெவலப்மென்ட் முடிந்தது, டெஸ்டிங் மட்டும்தான் பாக்கி’ என்கிறார்கள்.
*தூக்கம் போன டெஸ்டர்*

உங்கள் கேள்வியைத்தான் தலைப்பாக்கியிருக்கிறேன். என் பழைய 90 சதவீதம் இருக்கிறதே, அதன் மறுபிறவி இந்த வாக்கியம். சோதிக்காத வேலை முடிந்த வேலை அல்ல. ‘முடிந்தது’ என்றால் எது எதெல்லாம் நடந்திருக்க வேண்டும் என்று குழுவாக உட்கார்ந்து ஐந்தாறு வரி எழுதிப் பலகையிலேயே ஒட்டுங்கள். அதில் உங்கள் சோதனை கட்டாயம் இருக்கட்டும்.

அடுத்தது கான்பான் முறையிலிருந்து. டொயோட்டா தொழிற்சாலைகளில் பிறந்த உத்தி அது. டெஸ்டிங் கட்டத்தின் தலையில் ‘3’ என்று எழுதுங்கள். அங்கே மூன்று அட்டைகள் இருந்தால் நான்காவது நுழையக் கூடாது. அப்போது டெவலப்பர் என்ன செய்வார்? புது வேலையைத் தொடக் கூடாது. உங்கள் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, தான் எழுதாத ஒன்றைச் சோதிக்க வேண்டும். என் குழுவில் இதை வைத்தபோது ஒருவர் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் சக டெவலப்பரின் நிரலில் ஆறு பிழைகளைக் கண்டுபிடித்து, அத்தனை உற்சாகத்தோடு வந்து சொன்னார். அடுத்த மாதத்திலிருந்து அவர் தரும் வேலை சிறு சிறு துண்டுகளாக, இரண்டாம் நாளிலிருந்தே வரத் தொடங்கியது.

உங்கள் குழு 3க்கு ஒத்துக்கொள்ளாவிட்டால் 5இல் தொடங்குங்கள். ஸ்பிரின்ட் முடிவில், வேலை செய்த விதத்தைத் திரும்பிப் பார்க்க நடக்கும் ரெட்ரோஸ்பெக்டிவ் கூட்டத்துக்கு, ஒவ்வொரு நாள் மாலையும் பலகையை எடுத்த புகைப்படங்களோடு போங்கள். எட்டாம் நாள் வரை உங்கள் கட்டம் காலியாக இருப்பதை அவர்களே பார்க்கட்டும்.