ஸ்போர்ட்ஸ் காரின் ரயருக்கு எவ்வளவு காற்று? வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: ஜப்பானிலிருந்து இறக்கிய மஸ்டா எம்.எக்ஸ்-5 வைத்திருக்கிறேன். சாரதி பக்கக் கதவுத் தூணில் 200 கிலோ பஸ்கால் என்று ஒட்டியிருக்கிறது. ரயர் கடையில் எப்போதும் 35 பி.எஸ்.ஐ. அடிக்கிறார்கள். ரயரிலேயே 51 பி.எஸ்.ஐ. என்று எழுதியிருக்கிறது, பயப்பட வேண்டாம் என்கிறார்கள். எது சரி?
– வாசகர், கொக்குவில்

பதில்: கதவுத் தூணில் உள்ளதுதான் சரி. இரண்டுமே காற்றமுக்கத்தை அளக்கும் அலகுகள்; 200 கிலோ பஸ்கால் என்பது 29 பி.எஸ்.ஐ. மற்றக் கார்க்காரருக்கும் உதவும்: 180 என்றால் 26, 220 என்றால் 32, 240 என்றால் 35.

ரயரின் பக்கச்சுவரில் பொறித்திருப்பது அந்த ரயருக்கான உச்ச அமுக்கம். அது எந்தக் காரில் பூட்டப்படும் என்பது ரயர் செய்தவருக்குத் தெரியாது. காரின் நிறை, அது முன்னும் பின்னும் பிரிந்து விழும் விதம், ஸ்பிரிங்கின் இறுக்கம் எல்லாம் பார்த்து அளவு சொன்னவர் கார் செய்தவர். உங்கள் கார் ஏறத்தாழ ஒரு தொன் நிறைதான். அதற்கு 35 அடித்தால் ரயரின் நடுப்பகுதியே அதிகம் வீதியில் அழுந்தும். நடு முதலில் தேயும், மாரி மழையில் பிடிமானம் குறையும், ஒழுங்கைப் பள்ளங்களில் சில்லு துள்ளும். வேறு அளவு ரயர் பூட்டியிருந்தால் மட்டும் எந்த அமுக்கத்தில் எவ்வளவு நிறை தாங்கும் என்று காட்டும் அந்த ரயரின் சுமை அட்டவணையைப் பார்த்து அமுக்கத்தைத் திருத்த வேண்டும்.

பக்கச்சுவர் குட்டையான ரயரில் கண்ணை நம்பவே கூடாது. 22 இல் நிற்கும் ரயரும் 29 இல் நிற்பதும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். சொந்தமாக அமுக்கம் அளக்கும் ஒரு நல்ல கேஜ் வாங்கி வைத்திருங்கள். எந்நாளும் அதே கேஜில் பாருங்கள். கார் மூன்று மணித்தியாலமாவது ஓடாமல் நின்றிருக்க வேண்டும். வெயில் ஏறுமுன் காலையில் பார்ப்பதே நல்லது, ஒரு பக்கம் வெயில் பட்டால் அந்தப் பக்க ரயர்கள் கூடுதலாகக் காட்டும். கேஜை வால்வில் நேராக அழுத்துங்கள். சீறும் சத்தம் நின்ற பிறகு வரும் அளவே சரி. இரண்டு தரம் பாருங்கள்.

வீட்டில் பம்ப் இல்லாவிட்டால் ஒரு வழி உண்டு. காலையில் அளந்து, ஒவ்வொரு சில்லுக்கும் எவ்வளவு குறை என்று எழுதுங்கள். 29 வேண்டிய இடத்தில் 25 நின்றால் குறை 4. கடைக்குப் போய்ச் சேரும்போது சூட்டில் அது 27 காட்டலாம். அப்போது 29 அல்ல, 27 உடன் 4 கூட்டி 31 வரை அடிக்க வேண்டும். மறுநாள் காலையில் சரிபாருங்கள். இதை மாதம் ஒருமுறையும் நெடும்பயணத்துக்கு முதலும் செய்தால் போதும்.

கேள்வி: காலையில் 32 வைத்து ஏ-9 வீதியால் வவுனியா போய்ச் சேர்ந்தால் 37 காட்டுகிறது. வெடித்துவிடும் என்று பயந்து காற்றை இறக்கிவிடுகிறேன். சரியா?
– வாசகர், சாவகச்சேரி

பதில்: தயவுசெய்து இறக்காதீர்கள். உள்ளே உள்ள காற்று 10 பாகை செல்சியஸ் சூடேறினால், 32 இல் நின்ற ரயரில் ஏறத்தாழ ஒன்றரை பி.எஸ்.ஐ. கூடும். 5 கூடியிருக்கிறது என்றால் 30 பாகைக்குச் சற்று மேல் சூடேறியிருக்கிறது; தொடர்ந்து ஓடிய ரயருக்கு இது இயல்பு. கதவுத் தூணில் உள்ள அளவு இந்த ஏற்றத்தையும் கணக்கில் எடுத்தே தரப்பட்டது. சூட்டில் 32 க்கு இறக்கினால் மறுநாள் காலை 27 அல்லது 28 தான் நிற்கும். அப்படியே ஓடினால் பக்கச்சுவர் கூடுதலாக மடிந்து நிமிரும், அதனால் இன்னும் சூடேறும், கடைசியில் ரயரின் உள் அடுக்குகள் பிரியும். ரயர் வெடிப்பதற்குக் காற்றுக் குறைவே பெரிய காரணம். 8, 9 என்று ஏறினால், காலையில் வைத்த அளவு குறைவா, சுமை கூடவா என்று பாருங்கள்.

கேள்வி: ஒரு சில்லில் மட்டும் கிழமைக்கு மூன்று நாலு பி.எஸ்.ஐ. குறைகிறது. ஆணி எதுவும் இல்லை.
– வாசகர், காரைநகர்

பதில்: கடற்காற்றுப் படும் இடம் என்பதால் வால்வையும் றிம்மின் விளிம்பையும் முதலில் சந்தேகிக்கிறோம். சவர்க்காரத் தண்ணீரைப் பிறஷ்ஷால் வால்வின் வாயில் பூசுங்கள். குமிழி வந்தால் உள் ஊசியை இறுக்கிப் பாருங்கள், நிற்காவிட்டால் மாற்றுங்கள். இறப்பர் வால்வானால் அடியை மெல்ல வளைத்து வெடிப்புப் பாருங்கள். அடுத்து ரயரும் றிம்மும் சேரும் வட்டம், உட்பக்கமும் சேர்த்து. அங்கே குமிழி வந்தால், உப்பில் அலோய் அரித்து வெள்ளைத் தூள் படிந்திருக்கும். ரயரைக் கழற்றி, றிம்மைக் கம்பிப் பிறஷ்ஷால் சுத்தமாக்கி, விளிம்பு ஒட்டும் பசை பூசிப் பூட்ட வேண்டும். பள்ளத்தில் அடிபட்ட றிம் என்றால் உள் விளிம்பில் மயிரிழை வெடிப்பும் இருக்கலாம்.

அமுக்க உணரி உள்ள சில்லுகளின் வால்வு பெரும்பாலும் அலுமினியம். அதற்கு நிக்கல் பூசிய ஊசியே போட வேண்டும். மஞ்சள் பித்தளை ஊசி உப்பில் அரித்து இறுகிவிடும். கழற்றும்போது வால்வே முறியும், உணரியும் போகும். உலோக மூடிக்கும் அதே கதி. உள்ளே இறப்பர் வளையம் உள்ள பிளாஸ்ரிக் மூடி போடுங்கள்.

கேள்வி: டாஷ்போட்டில் ரயர் விளக்கு எரியாவிட்டால் அளக்கத் தேவையில்லையே?
– வாசகர், நல்லூர்

பதில்: தேவை. அமெரிக்க விதிப்படி அந்த விளக்கு 25 வீதம் குறைந்த பிறகு எரிந்தால் போதும். 32 வேண்டிய ரயரில் அது 24. ஏ.பி.எஸ். (பிறேக் பிடிக்கும்போது சில்லு இறுகாமல் காக்கும் அமைப்பு) உணரியைக் கொண்டு சில்லுச் சுழற்சியை ஒப்பிடும் வகையானால், நாலு ரயரும் ஒன்றாக மெல்ல இறங்குவதை அது பிடிக்காமலே விடலாம். காற்றடித்த பிறகு அந்த அமைப்பை மீளமைக்கவும் வேண்டும்.

கேள்வி: நைதரசன் அடித்தால் நல்லதா?
– வாசகர், மானிப்பாய்

பதில்: சாதாரணக் காற்றிலேயே 78 வீதம் நைதரசன்தான். ஈரம் இல்லாதது அதன் நன்மை; தாங்கியில் சேரும் தண்ணீரை ஒழுங்காகத் திறந்துவிடும் கொம்பிறசர் இருந்தால் காசு செலவழிக்க வேண்டாம்.

கேள்வி: பின்பக்கம் நல்லாகப் பிடிக்கும் என்று பின் ரயர்களில் 5 குறைக்கச் சொல்கிறார்கள். செய்யலாமா?
– வாசகர், வல்வெட்டித்துறை

பதில்: வீதியில் செய்யாதீர்கள். பின் சில்லில் இழுக்கும் காரில் பின் ரயர் தளர்ந்தால், வளைவின் நடுவே அக்சிலேற்றரைச் சட்டென்று விட்டதும் பின்பக்கம் முதலில் வெளியே போகும். முன்னுக்கும் பின்னுக்கும் வேறு அளவு ரயர் பூட்டிய கார்களில் கதவுத் தூணிலும் இரண்டு எண்கள் இருக்கும். காற்றடிப்பவரிடம் இரண்டையும் தனித்தனியாகச் சொல்லுங்கள். பெரும்பாலும் நாலுக்கும் ஒரே அளவுதான் அடித்துவிடுவார்கள்.