உளிக்கு 30 டிகிரி: கோணம் எங்கே தப்புகிறது?

கேள்வி: உளி தீட்ட, அடியில் உருளை வைத்த ஹோனிங் கைடு வாங்கினேன். 30 டிகிரிக்கு 38 மி.மீ. என்று போட்டிருந்தபடி உளியை வெளியே நீட்டிப் பிடித்துத்தான் தீட்டுகிறேன். ஆனால் பாகைமானி 26 காட்டுகிறது. வேங்கை மரத்தில் துளை அடித்தால் வாய் பொடிப்பொடியாக உதிர்கிறது. கைடு பழுதா?

பதில்: கைடு நன்றாகத்தான் இருக்கும். அந்த 38 மி.மீ. இழைப்புளித் தகட்டுக்கு உரிய அளவு. இரண்டு பக்கமும் கவ்விப் பிடிக்கும் இந்த வகைக் கைடில் தகடு மேல் விளிம்பில் உட்காரும். உளி அதற்குக் கீழே உள்ள காடியில் உட்காரும். உளி கல்லுக்குப் பக்கமாகத் தாழ்ந்து நிற்பதால், அதே 38 மி.மீ. நீட்டினால் கோணம் படுத்துவிடுகிறது. உளிக்கு 30 மி.மீ. நீட்டினால் 30 டிகிரி, 40 மி.மீ. நீட்டினால் 25. தகட்டுக்குத்தான் 38, 50.

மலிவான கைடுகளில் காடியின் உயரம் கொஞ்சம் முன்பின் இருக்கும். அதனால் ஒருமுறை சரிபார்த்துவிடுங்கள். வாயை ஒட்டிச் சாய்வாகத் தீட்டிய சின்னச் சரிவில் பாகைமானியை நம்பவே முடியாது; வெர்னியர் அளவுகோல் போதும். சரிவு தொடங்கும் இடத்தில் உளியின் தடிமனை அளந்துகொண்டு, அப்புறம் சரிவின் நீளத்தை அளங்கள். நீளம் தடிமனைப் போல் சரியாக இரண்டு மடங்கு இருந்தால் 30 டிகிரி. 4 மி.மீ. தடிமன் என்றால் 8 மி.மீ. வர வேண்டும், 26 டிகிரியில் 9 மி.மீ.க்குச் சற்று மேல் காட்டும்.

அளவு உறுதியானதும் ஒரு பலகைத் துண்டின் விளிம்பிலிருந்து 30 மி.மீ. தள்ளிச் சின்னக் கட்டையை ஆணி அடித்து வையுங்கள். கைடின் முகம் பலகை விளிம்பில் முட்ட, உளியின் வாய் கட்டையில் முட்ட, திருகை இறுக்குங்கள். என்னைக் கேட்டால் கைடை விட இந்தப் பலகைதான் முக்கியம். ஒரு டிகிரி கூடினாலும் குறைந்தாலும் வெட்டில் பெரிய வித்தியாசம் தெரியாது. ஆனால் தீட்டும் ஒவ்வொரு தடவையும் கோணம் மாறினால் கல் வாயைத் தொடாமலே தேய்த்துக்கொண்டிருப்பீர்கள்.

தொடுகிறதா என்று பார்க்கச் சரிவு முழுக்க மார்க்கரால் பூசி, இரண்டு இழுப்பு இழுங்கள். வாயோரத்தில் மை அப்படியே நின்றால் உளி படுத்திருக்கிறது. வாயோரத்தில் மட்டும் மை போயிருந்தால் கோணம் ஏறியிருக்கிறது.

இப்போதுள்ள 26 டிகிரிச் சரிவை முழுக்க அரைத்துத் தள்ள வேண்டாம். உதிர்ந்த பல் மறையும் வரை தீட்டிவிட்டு, 30க்கு மாற்றி வாயில் ஒரு மெல்லிய கீற்று எடுத்தால் போதும். தள்ளிச் சீவ மட்டும் வைத்திருக்கும் உளிக்கு 25 அழகு. வேங்கையில் கொட்டாப்புளியால் அடிக்கும் உளிக்கு 30க்குக் குறையக் கூடாது. அப்போதும் உதிர்ந்தால் தயங்காமல் 35க்குப் போங்கள்.

கால் அங்குல உளி கைடுக்குள் சாய்ந்துகொள்ளும், வாய் கோணலாகிவிடும். மூலைமட்டம் வைத்துப் பார்த்து, உயர்ந்து நிற்கும் மூலையில் மட்டும் விரலை அழுத்தித் தீட்டுங்கள். வாயின் முழு அகலத்துக்கும் பின்பக்கம் பிசிறு தட்டுப்பட்டதும் கைடிலிருந்து கழற்றி, பின்முகத்தைக் கல்லில் தட்டையாகப் படுக்கவைத்துப் பிசிறை எடுங்கள். அங்கே உளியின் பிடியைத் துளிகூடத் தூக்கக் கூடாது. தூக்கினால் பின்பக்கமும் ஒரு சரிவு விழுந்து, நேர்வெட்டு வராது.