வேறுபாட்டுப் பெருக்கியில் அலைத் திரிபு ஏன் வருகிறது, எப்படிக் குறைப்பது?

வேறுபாட்டுப் பெருக்கி என்பது இரண்டு உள்ளீடுகளுக்கும் பொதுவாக வரும் இரைச்சலை விலக்கி, அவற்றுக்கு இடையிலான வேறுபாட்டை மட்டும் பெருக்கும் சுற்று. பெருக்கப்பட்ட அலையின் வடிவம் மாறிவிடுவதே திரிபு. சுற்றின் இரு பக்கங்களிலும் பெருக்கும் வேலையைச் செய்யும் டிரான்சிஸ்டரின் மின்னோட்டம் மின்னழுத்தத்துக்கு நேர்விகிதத்தில் ஏறுவதில்லை என்பதால், வேறுபாடு அறை வெப்பநிலையில் சுமார் 26 மில்லிவோல்ட்டை நெருங்கும்போதே அலையின் உச்சிகள் தட்டையாகத் தொடங்குகின்றன. உதகையின் 5 டிகிரிக் குளிரில் அந்த எல்லை ஏறக்குறைய 24 ஆகச் சுருங்கும். ஒவ்வொரு டிரான்சிஸ்டரின் எமிட்டரிலும் (அதன் மூன்று முனைகளில் ஒன்று) ஒரு சிறு மின்தடையைச் சேர்ப்பதே நான் முதலில் பரிந்துரைக்கும் தீர்வு. குன்னூர்த் தோட்டத்தில் பச்சைத் தேயிலை நிறுக்கும் வில்தராசில் தடித்த வில்லைப் பொருத்தினால் முள் குறைவாக நகரும், ஆனால் கனமான கூடைக்கும் அளவு பிசகாது; அதுபோலவே இங்கும் பெருக்கம் குறைந்து, திரிபின்றிக் கையாளும் எல்லை விரிகிறது. இரு பக்கங்களும் சமச்சீராக இருந்தால் திரிபே வராது என்று பலர் எண்ணுகிறார்கள். ஆனால் சமச்சீர், உள்ளீட்டு அலையின் இரட்டைப்படை மடங்கு அதிர்வெண்களில் தோன்றும் திரிபை மட்டுமே நீக்கும், மூன்று மடங்கில் தோன்றுவது அப்படியே இருக்கும்.