ரெட்டினால் கழன்றுபோனால் ஆப்சின் புரதம் தாக்குப்பிடிக்குமா?

தாக்குப்பிடிக்கும், ஆனால் நோஞ்சானாக. வைட்டமின் ஏ-யிலிருந்து வரும் சிறு மூலக்கூறான ரெட்டினால், வெளிச்சத்தைப் பிடிக்கும் ஆன்டெனா மட்டும்தானே என்று கேட்டிருக்கிறீர்கள். பாடப்புத்தகம் அதோடு நிறுத்திவிடுவதால் வரும் சந்தேகம் இது.

மாட்டு விழித்திரையின் ரோடாப்சினையே எடுத்துக்கொள்வோம். ஆப்சினும் ரெட்டினாலும் சேர்ந்ததுதான் ரோடாப்சின். 348 அமினோ அமிலங்கள். சவ்வுக்குள் ஏழு சுருள்கள். நடுப்பொந்தில் 11-சிஸ் என்ற வளைந்த வடிவ ரெட்டினால். அது 296ஆவது லைசினோடு சகப்பிணைப்பில் இருக்கிறது. அந்த இடத்து நேர்மின்சுமையை 113ஆவது குளுட்டமேட் ஈடுகட்டுகிறது. சுற்றியுள்ள சுருள்களும் ரெட்டினாலின் மேல் நெருக்கமாகப் படிந்திருக்கின்றன. பந்தலுக்கு நடுக்கால் மாதிரி. அதை உருவிவிட்டுச் சூடாக்கிப் பாருங்கள்: சவ்வில் இருக்கும் ரோடாப்சின் 70 டிகிரி செல்சியஸை ஒட்டித்தான் குலையும், வெறும் ஆப்சின் சுமார் 15 டிகிரி முன்னாலேயே குலைந்துவிடும்.

சவ்விலிருந்து பிரித்து டிடர்ஜென்ட்டில் கரைத்தால் ஆப்சின் பாடு இன்னும் மோசம். ஆய்வகத்தில் மங்கலான சிவப்பு விளக்கில்தான் இந்த வேலையெல்லாம். வெள்ளை விளக்கைப் போட்டால் ரோடாப்சினின் ரோஜா நிறக் கரைசல் மஞ்சளாகும். ஒளியை உறிஞ்சும் உச்சம் 500 நானோமீட்டரில் சரிந்து 380 பக்கம் எழும். அதன்பின் ரெட்டினால் மெல்லக் கழன்றுகொள்ளும். உடனே புது 11-சிஸ் ரெட்டினால் கொடுத்தால் சரி. ஆறப்போட்டுக் கொடுத்தால், பழைய 500 உச்சம் முழுசாகத் திரும்பி வராது. பொந்தே உருக்குலைந்திருக்கும்.

உடம்புக்குள்ளும் இதே கதைதான். 1958இல் டவ்லிங்கும் ஜார்ஜ் வால்டும் எலிகளுக்கு வைட்டமின் ஏ இல்லாத தீனி போட்டார்கள். முதலில் ரோடாப்சின் குறைந்தது, அதாவது மாலைக்கண். பட்டினி நீண்டபோது ஆப்சினும் குறைய ஆரம்பித்தது. கடைசியில் விழித்திரைச் செல்களே சிதைந்தன.

இன்னொன்று, ரெட்டினைட்டிஸ் பிக்மென்டோசா என்ற பரம்பரை விழித்திரை நோய். ரோடாப்சினின் 23ஆவது புரோலின் ஹிஸ்டிடினாக மாறிய நோயாளிகளில் புரதம் சரியாக மடிவதில்லை. வளர்ப்புச் செல்களில் ரெட்டினால் சேர்த்தபோது, ஒழுங்காக மடிந்த புரதத்தின் அளவு கூடியது. இதைப் படித்துவிட்டு யாரும் வைட்டமின் ஏ மாத்திரையை இஷ்டத்துக்கு விழுங்க வேண்டாம். அளவு மீறினால் கல்லீரல் கெடும்.

எல்லா ஒளியுணர் புரதத்துக்கும் இதே கணக்கைப் போட முடியாது. தாவரங்களின் ஒளியுணர் புரதமான ஃபோட்டோட்ரோபினில், ரெட்டினாலுக்குப் பதில் ஒளியைப் பிடிக்கும் துணைக்காரணியான ஃபிளேவின், இருட்டில் சகப்பிணைப்பே இல்லாமல் உட்கார்ந்திருக்கிறது. நீல ஒளி பட்ட பிறகுதான் சிஸ்டீனோடு பிணைகிறது. துணைக்காரணி எவ்வளவு முட்டுக்கொடுக்கிறது என்பதை அங்கே தனியாக அளந்துதான் சொல்ல வேண்டும்.