சின்னப் பிள்ளைகளை ஞாயிறு பூசைக்குப் பழக்குவது எப்படி?

மூன்று வயதும் ஐந்து வயதுமான பிள்ளைகளோடு கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, கையில் போனைக் கொடுத்துச் சமாளிப்பதாக எழுதியிருக்கிறீர்கள். முதலில் அந்தக் கடைசி பெஞ்சை விடுங்கள்.

நாங்கள் பெங்களூரு சிவாஜிநகர் மரியன்னை பேராலயத்தில் தமிழ்ப் பூசைக்குப் போகிறவர்கள். மகளுக்கு நான்கு வயதாகும்வரை நானும் கதவோரம்தான் நின்றேன். அவள் பார்த்ததெல்லாம் மற்றவர்களின் முதுகு. ஒரு ஞாயிறு என் மாமியார் அவளை முன்வரிசைக்குக் கூட்டிப்போனார். நானும் பின்னாலேயே போனேன். ஃபாதர் அப்பத்தை உயர்த்தினார், மணி அடித்தது. என் சேலைத் தலைப்பை இழுத்து, "இயேசப்பா வந்துட்டாரா?" என்று கேட்டாள். எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது.

அன்றிலிருந்து ஒவ்வொன்றாகக் காதோடு சொல்கிறேன். நற்செய்திக்கு முன் நெற்றி, உதடு, நெஞ்சில் சின்னச் சிலுவை போடுவோமே, அதை அவள் விரலைப் பிடித்தே பழக்கினேன். இப்போது தம்பிக்கு அவள் போட்டுவிடுகிறாள்.

பிரசங்க நேரத்தில் நெளிவார்கள், சரி. படம் போட்ட பைபிள் ஒன்று பையில் இருக்கட்டும். அழுதால் வெளியே தூக்கிப் போங்கள், ஆனால் அழுகை நின்றதும் உள்ளே வந்துவிடுங்கள். வெளியே விளையாட விட்டால் அடுத்த வாரமும் அழுவார்கள். ஒருமுறை பக்கத்திலிருந்தவர் முகம் சுளித்ததில் எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஆனால் பிள்ளைகளைத் தடுத்த சீடர்கள்மேல் இயேசுவே கோபப்பட்டார் என்று மாற்கு 10ஆம் அதிகாரத்தில் இருக்கிறது.

அப்புறம், இங்கே பள்ளியில் ஆங்கிலம், தெருவில் கன்னடம். தமிழ்ச் செபம் வீட்டில்தான் வர வேண்டும். முழுச் செபமாலை வேண்டாம்; படுக்கும்முன் ஒரு 'அருள் நிறைந்த மரியே' போதும். செப்டம்பர் 8 மாதா திருவிழாவின் தேர்க் கூட்டத்தில் குழந்தைகள் மிரளுவார்கள். அதற்கு முந்தைய ஒன்பது நாள் நவநாள் செபத்தில் ஒரு மாலை கூட்டிப்போய், சேலை கட்டிய மாதாவைப் பக்கத்தில் காட்டுங்கள்.

புதுநன்மை வகுப்பில், அதாவது இயேசுவின் உடலான நற்கருணை அப்பத்தை முதன்முதலாக வாங்கத் தயார்செய்யும் வகுப்பில், கற்றுக்கொள்வார்கள் என்று தள்ளிப்போடாதீர்கள். ஏழு வயது வாக்கிலேயே நன்மை கொடுக்கலாம் என்று 1910இல் பாப்பரசர் பத்தாம் பயஸ் அறிவித்தபோது, சாதாரண ரொட்டிக்கும் நற்கருணைக்கும் வித்தியாசம் தெரிந்திருக்க வேண்டும் என்பதைத்தான் முக்கியமாகச் சொன்னார். மணிச் சத்தம் கேட்டு என் மகள் கேட்டதும் அதைத்தான்.